பழைய முதலாளியின் பெயரில்

யுத்தம் முடிந்து ஆழ்கடல் மீன்பிடித் தடை நீங்கியதும், சுனாமியில் கணவனை இழந்த ஜெஸீமா கல்முனைக் கரையில் பழைய படகொன்றை வாங்கினாள். முதற் பயணத்துக்கு ஐஸ் ஏற்றிய பிறகுதான், ஆபத்து வந்தால் செய்மதி வழியே இடத்தை அறிவிக்கும் கருவியை எடுத்துப் பார்த்தாள். பற்றரி காலாவதியாகியிருந்தது. பதிவும் பழைய முதலாளியின் பெயரிலேயே இருந்தது.

“இண்டைக்குப் போக வேணாம் காக்கா,” என்றாள் படகோட்டி இப்றாலெவ்வையிடம்.

“ஐஸ் உருகிடும் புள்ள. வந்து மாத்துவம்.”

“படகு கவிண்டா அந்த மனிசனுக்குத்தான் போன் கோல் போகும். அவருக்கு உங்கள ஆரெண்டே தெரியா. சுனாமியில எங்க தேடுறதெண்டு தெரியாம நான் அலைஞ்சது போதும்.”

அவர் முணுமுணுத்தபடி ஐஸைப் பக்கத்துப் படகுக்குக் கொடுத்தார்.

மறுநாள் புதுக் கருவி வாங்க ஜெஸீமா கொழும்புக்குப் பஸ் ஏறினாள். கடைக்காரர் கையால் அமுக்கி இயக்கும் கருவியைக் காட்டினார்.

“ஆக்கள் மயங்கிக் கிடந்தா ஆரு அமுக்குற?” என்று கேட்டவள், தண்ணீர் பட்டதும் தானே இயங்கி மிதக்கும் கருவியையே வாங்கினாள். பதிவு அலுவலகத்தில் படகின் பெயரையும் தன் தொலைபேசி எண்ணையும் கொடுத்தாள். ஆபத்தில் அழைக்க, கரையில் இருக்கும் இன்னொருவரின் எண்ணும் வேண்டும் என்றார்கள். இப்றாலெவ்வைக்கு அழைத்துக் கேட்டாள்.



“என்ட பொஞ்சாதிட நம்பரக் குடு,” என்றார் அவர். “கருவிய நானே படகில பூட்டுறன்.”