கனம் குறைந்த தாள்

சோதனைக் கூடத்தில் கார் ஓடும், ஆனால் நகராது, கண்மணிகளே. சக்கரங்கள் உருளைகளின்மேல் சுழலும். புகை ஒரு வெள்ளைத் தாள் வழியாக வடிந்துபோகும். அந்தத் தாளில் படியும் கரியை எடை போடுகிறவளுக்குத் 'தராசு' என்றே பெயர் விழுந்துவிட்டது.

அன்று ஏறியது, பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் கார். அதன் எஞ்சினில் பெட்ரோல் குறைந்த சூட்டில் எரியும். நாலு வருடம் அதோடு மல்லுக்கட்டியவள் எஞ்சினியர் அக்கா. லிட்டருக்கு இருபத்தாறு கிலோமீட்டராவது வர வேண்டும். கரியும் வரம்புக்குள் நிற்க வேண்டும். இல்லையென்றால் அந்த வாரமே எஞ்சினை மூட்டை கட்டிவிடுவார்கள்.

வந்தது முப்பத்தொன்று!

ஓட்டுநர் அண்ணன் காரிலிருந்து குதித்தார். "இனி அக்காவைக் கையில பிடிக்க முடியாது!"

தராசு மட்டும் தாளை மூன்று முறை வைத்து எடுத்தாள். இந்த எஞ்சின் இவ்வளவு குறைவாகக் கரி விட்டதே இல்லை. போய்க் காரின் திரையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. எஞ்சின் பாதி நேரம் சும்மாதான் இருந்திருக்கு. பேட்டரி ஆரம்பிக்கும்போது எண்பது சதவீதம், முடியும்போது நாப்பத்தஞ்சு."

"வந்துட்டாம்மா! உனக்கு நல்லதே கண்ணுல படாதா?" என்றார் அண்ணன்.

அக்காவின் முகம் வெளுத்தது. பேட்டரி இழுத்த தூரத்தையும் பெட்ரோல் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். சோதனையின் நடுவில் பேட்டரி தீர்ந்துவிடுமோ என்று பயந்து பேட்டரியை நிறைத்து வைத்தவளே அவள்தான்.

நேராக மேலதிகாரியிடம் போனாள். "இது செல்லாதுங்க சார். தப்பு என்னோடது. நாளைக்கு மறுபடி ஓட்டுறோம்."

மறுநாள் பேட்டரி அறுபதில் தொடங்கி அறுபதிலேயே முடிந்தது. இருபத்தாறரை!

"உயிர் போய் உயிர் வந்துச்சு," என்று அண்ணன் ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டார்.

அக்கா எடை அறைக்கு ஓடினாள். "நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, வண்டி வாங்கினவங்க ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடும்போதும் என்னைத் திட்டியிருப்பாங்கடி. நல்லவேளை, நீ..."

"பேசாதீங்கக்கா! மூச்சுக் காத்து பட்டா எடை ஆடும்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். எண்கள் தடுமாறித் தடுமாறி நின்றன. வரம்புக்குள்தான். பொத்திய கையை எடுக்காமலே, மறு கையால் தராசின் தலையை வருடிக்கொண்டு நின்றாள்.