ஒரே ஜாடி

கட்டிலின் தலைமாட்டை உயர்த்தும் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே ஸ்நேஹா மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். எப்படிச் சொன்னாலும் விஷயம் ஒன்றுதான். அப்பா முப்பது வருஷத்துக்கு முன்னால் எழுதியது தப்பு.

கல்யாணராமன் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர். ஆற்றின் இரு பக்கத்து மலைகளிலும் இருக்கிற பகல்பல்லி ஒரே இனம்தான் என்று அவர் எழுதிய கட்டுரையைத்தான் வெளியூர்க்காரர்களும் மேற்கோள் காட்டினார்கள். மகளும் அதே துறைக்கு வந்தாள். நேற்று வந்த மரபணு முடிவு, இரண்டும் எப்போதோ பிரிந்துபோன தனித்தனி இனங்கள் என்றது. ஆனால் கண்ணால் பார்த்துப் பிரிக்க ஓர் அடையாளம், அவளுக்கும் கூட வேலை செய்யும் அனன்யாவுக்கும் இன்னும் அகப்படவில்லை.

அப்பாவை அடையாறு ஆஸ்பத்திரியில், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா ஜலஜா அவளைக் காலையிலேயே அடுக்களையில் மறித்தாள்.

"அவருக்குன்னு இருக்கறது அந்தக் கட்டுரை ஒண்ணுதான். நிம்மதியாப் போகட்டுமேடி."

ஆனால் அப்பாவே கேட்டார், ரிசல்ட் வந்துவிட்டதா என்று. பொய் சொல்ல நினைத்தாள்; வாய் வரவில்லை. அவர் மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தார். கீழே மாட வீதியில் ஆட்டோக்கள் இரைந்தன.

"ரெண்டா?"

தலையசைத்தாள்.

"போட்டோவைக் காட்டு. சீக்கிரம்."

படுத்த நாளிலிருந்து கேட்காத குரல். லேப்டாப்பை அவர் மடியில் வைத்து, இரண்டு மலைகளின் ஆண்பல்லிகளையும் அருகருகே விரித்தாள். தொடையின் அடியில் ஒரு வரிசை நுண்துளைகள். எண்ணினார்கள். எண்ணிக்கை இரண்டுக்கும் ஒன்றாகவே வந்தது. பெரிசு பண்ணு என்றார், திருப்பு என்றார், அவள் எண்ணியது தப்பு என்று சண்டை போட்டார். மறுபடி எண்ணப் போனவளின் விரல் நடுவில் நின்றது.

"அப்பா, வடக்கு மலையில வரிசை அறுபடவே இல்லை. தெற்குல பாரு. நடுவுல வெறும் செதில்."

அடுத்த படம். அதற்கடுத்தது. தெற்கு மலைப் பல்லி எல்லாவற்றிலும் அந்த இடைவெளி இருந்தது.

கல்யாணராமன் சிரித்தார். இருமலும் சிரிப்புமாகக் கட்டில் குலுங்கியது.

"இதை நான் பாத்திருக்கேன்டி. ஸ்பிரிட்ல ஊறித் துளை மூடிண்டுடுத்துன்னு நெனச்சேன். ஒண்ணுதான்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டு, ரெண்டு மலையோடதையும் ஒரே ஜாடில போட்டேன். அப்புறம் எது எந்த மலைன்னு எவனுக்குத் தெரியும்?"

சிரிப்புச் சத்தம் கேட்டு அம்மா கஞ்சியோடு வாசற்படிவரை வந்தாள். நின்றாள். அப்படியே திரும்பிப் போனாள்.

உன் கட்டுரையில் என் ஆய்வைப் பற்றி எப்படி எழுதியிருக்கிறாய் என்று அப்பா கேட்டார். முந்தைய ஆய்வில் போதிய சான்றுகள் இல்லை என்று எழுதியதைப் படித்துக் காட்டினாள்.

"மழுப்பாதே. கல்யாணராமன் தப்பாச் சேர்த்துட்டான்னு போடு."

பெண்பல்லிகளையும் பார்க்க வேண்டும் என்றார். அவள் தேடி எடுப்பதற்குள் கண்ணயர்ந்துவிட்டார். விளக்கேற்றும் வேளையில் மூச்சு நின்றது.

மறுநாள் காலை கூடத்தில் ஐஸ் பெட்டியைச் சுற்றி உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் பகவான் நாமம் சொன்னாரா என்று யாரோ அம்மாவிடம் விசாரித்தார்கள். அவள் எழுந்து உள்ளறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். காலிக் கட்டிலில் ஸ்நேஹாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எதைப் பாத்து அப்படிச் சிரிச்சார்? எனக்குக் காட்டு."

ஸ்நேஹா லேப்டாப்பில் தெற்கு மலைப் பல்லியின் படத்தைத் திறந்தாள். அம்மா கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு துளையாக விரலை நகர்த்திக்கொண்டே போனாள். வெறும் செதிலுக்கு வந்ததும் விரல் நின்றது.

காரியம் செய்துவைக்க வாத்யார் வந்துவிட்டார் என்று வெளியே குரல் கேட்டது. அம்மா விரலை எடுக்கவில்லை.