உலைக் கதவு

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு சினிமாவுக்குக்கூடத் தானாகக் கூப்பிடாத மனிதர், புதன்கிழமை காலையில் லீவு போட்டுவிட்டு ஓவிய மியூசியத்துக்குப் போகலாம் வா என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? நாலு மாதமாகவே என் வீட்டுக்காரர் போக்கு சரியில்லை. வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளிக்கப் போகிறார். சட்டையைத் தானே துவைக்கிறார். கேட்டால் வியர்வையாம். ஏசி அறையில் ஃபைல் பார்க்கிறவருக்கு ஏது வியர்வை?

மியூசியத்தில் டிக்கெட் கிழிக்கிற பெண் இவரைப் பார்த்துச் சிரித்தாள். கழிப்பறை எங்கே என்று ஒருவரையும் கேட்காமல் விறுவிறுவென்று போய் வந்தார். ஒரு பெரிய ஓவியத்தின் முன்னால் நின்று, உன்னிடம் ஒன்று சொல்லணும் என்று ஆரம்பித்தவர், முதலில் கண்ணாடி ஊதுவதைப் பார்க்கலாம் என்று மழுப்பினார். எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

மியூசியத்தின் பின்பக்கம், கண்ணாடி ஊதிக் காட்டுகிற உலைக்கூடம். பார்வையாளர்களைக் கயிறு கட்டி இந்தப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். கண்ணாடி ஊதுகிறவளுக்கு முப்பது வயதுதான் இருக்கும். நீளக் குழாயை உருட்டியபடி அவள் ஊத, நுனியில் பழுத்திருந்த கண்ணாடி மெல்ல உப்பியது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் அவளைத்தான் பார்த்தேன். இவரும் அவளைத்தான் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கண்ணாடியை மறுபடி சூடாக்க அவள் எழுந்தாள். உதவியாள் வேறொரு கம்பியோடு தள்ளி நின்றிருந்தான். அவள் திரும்பாமலே, "கதவு" என்றாள். என் வீட்டுக்காரர் சட்டென்று கயிற்றைத் தாண்டிப் போய் உலைக் கதவை இழுத்துத் திறந்தார். குழாய் உள்ளே போனதும், அது சுழல மட்டும் இடம் விட்டு மூடினார். கண்ணாடி வெளியே வரும் நேரத்துக்குச் சரியாக மறுபடி திறந்தார். கூட்டம் கைதட்டியது.

அவள் அப்போதுதான் அவரைப் பார்த்தாள். "இன்னைக்கு லீவுன்னு சொன்னீங்களே அண்ணா?"

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அலுவலகத்தில் ஆட்களைக் குறைத்து நாலு மாதம் ஆகிறதாம். இத்தனை நாளும் தேய்த்த சட்டையோடு கிளம்பி இங்கேதான் வேலைக்கு வந்திருக்கிறார். வேறு பெண் இல்லை என்ற நிம்மதி ஒரு நிமிஷம்தான். பிறகு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கட்டின பெண்டாட்டியிடம் சொல்ல என்ன கேடு என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "உன் தம்பிக்கு வேலை போனப்ப, 'நீயெல்லாம் ஒரு ஆம்பளையாடா'ன்னு அவன் மூஞ்சிக்கு நேரா கேட்டே. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

கேட்டது உண்மைதான். தம்பி எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தும்வரை கேட்டேன்.