ராஜமணி வீட்டில் தெரியாத டாக்டர்

1988ஆம் ஆண்டு ஆனி மாதத்திலிருந்து போடி பஜாரில் ராஜமணியின் வீட்டு டிவியில் மட்டும் கறுப்பு மனிதர்கள் தெரியாமல் போனார்கள். வெள்ளிக்கிழமை மாலையில் ஒரு வெளிநாட்டு நாடகம் வந்துகொண்டிருந்தது. அதில் வெள்ளைக்கார டீச்சரம்மாவுக்கு வீட்டுக்காரர் ஒரு கறுப்பு டாக்டர். மற்ற வீடுகளில் டாக்டர் காப்பி குடித்தார், மனைவியின் தோளில் கை போட்டார். ராஜமணி வீட்டிலோ காப்பிக் கோப்பை தானாக எழும்பிச் சாய்ந்தது. டீச்சரம்மா வெறும் நாற்காலியைப் பார்த்துச் சிரித்தாள். டாக்டரின் குரல் மட்டும் சுத்தமாகக் கேட்டது. டிவி விற்ற ரேடியோக்கடைக் கர்ணன் மாடியேறி ஆண்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பிப் பார்த்தான். பிறகு பெட்டியையே கடைக்குத் தூக்கிப்போனான். அங்கே டாக்டர் முழுசாக உட்கார்ந்திருந்தார். திரும்பக் கொண்டுவந்து வைத்ததும் மறைந்துபோனார்.

“அண்ணாச்சி, பெட்டியில பழுதில்ல. வீட்டுலதான் ஏதோ கோளாறு.”

“அப்ப வீட்டத் தூக்கிட்டுப் போயி ரிப்பேர் பாரு” என்றார் ராஜமணி.

கோளாறு எதுவென்று அவர் மனைவி சுகிர்தத்துக்குத் தெரியும். ஜாம்பியாவில் மூன்று வருடமாக டீச்சர் வேலை பார்க்கும் மகள் ஞானசெல்வியிடமிருந்து அந்த ஆனியில்தான் கடிதம் வந்தது. கூட வேலை பார்க்கும் ஜோசப் முலெங்காவைக் கட்டிக்கொள்ளப் போகிறாளாம். டிசம்பரில் போடி வேதக்கோயிலில் வைத்துத்தான் கல்யாணமாம். அதற்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும், பெண்ணின் அப்பா மணமக்கள் இருவர் பெயரையும் எழுதிப் போதகரிடம் கொடுக்க வேண்டும். ராஜமணி கடிதத்தை மடக்கிப் போட்டு, “அந்தக் கறுப்பன் இந்த வீட்டுல என் கண்ணுலயே படக்கூடாது” என்றார். அவர் சொன்னதை வீடு அப்படியே எடுத்துக்கொண்டது. கூட வந்த போட்டோவிலும் மகள் மட்டும் காற்றில் கைகோத்து நின்றாள்.

மருமகன் முகத்தைப் பார்க்காமல் சுகிர்தத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் போட்டோவைக் காய்கறிப் பைக்குள் வைத்துக் கர்ணன் கடைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். அகன்ற நெற்றியோடு ஒரு பையன் கூச்சமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். கர்ணனும் எட்டிப் பார்த்தான்.

“மதினி, சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது. அண்ணாச்சிக்கு இவுக ஒருபடி வெளுப்புதான்.”

இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சுகிர்தம் சிரித்தாள். மத்தியானம் சோறு போடும்போது கணவரிடம் அதைச் சொல்லியும் விட்டாள். “பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு எங்கப்பா ஒங்களையும் கறுப்பன்னுதான் சொன்னாக. நாந்தான் பட்டினி கெடந்து கட்டிக்கிட்டேன்” என்றாள். ராஜமணி மோரை ஊற்றாமலே எழுந்துவிட்டார்.

மாதங்கள் போயின, ஏலக்காய் விலை ஏறி இறங்கியது, அவர் ஓலை எழுதவில்லை. விட்டால் டிசம்பர் தவறிவிடும் என்ற நிலையில் நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை அவர் முகம் வழிக்க உட்கார்ந்தார். கண்ணாடியில் சோப்பு நுரை மட்டும் தாடி மாதிரி அந்தரத்தில் நின்றது. கத்தி பட்ட இடமெல்லாம் நுரை போனது, அதற்கடியில் ஒன்றுமில்லை, பின்சுவர்தான் தெரிந்தது.

“சுகிர்தம், நான் இருக்கேனா?”

“இருக்கீக. கன்னத்துல ரத்தம் வருது.”

அவள் கத்தியை வாங்கி மீதியை வழித்துவிட்டாள். அவர் கண்ணாடியைத் துண்டால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“இந்தக் கோலத்துல நாளைக்கு எப்படிக் கோயிலுக்குப் போறது?”

“அஞ்சு மாசமா மருமகனும் இந்தக் கோலத்துலதான நம்ம வீட்டுல நிக்கிறாக.”

ராஜமணி பேப்பர் கேட்டார். இரண்டு பெயரையும் எழுதி, மை காயுமுன் தானே போதகர் வீட்டுக்கு நடந்தார். முதல் ஞாயிறு ஓலை வாசித்து வீடு திரும்பியபோது கண்ணாடியில் நெற்றியும் காதும் வந்திருந்தன. இரண்டாம் ஞாயிறு மூக்குவரை. மூன்றாம் ஞாயிறு, “தடை சொல்கிறவர்கள் உண்டா” என்று போதகர் கேட்டபோது சபையில் ஒருவர் இருமினார். சுகிர்தத்துக்கு உயிர் போய் வந்தது, ஆனால் அது வெறும் இருமல்தான். அந்த வெள்ளிக்கிழமை டாக்டர் தன் காப்பியைத் தானே குடித்தார்.

டிசம்பரில் மருமகன் வந்தான். ராஜமணி எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவன் சாப்பிட்டு முடிக்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார். அதன்பிறகு அந்த வீட்டில் படம் மங்கினால் யாரும் மாடியேறி ஆண்டெனாவைத் திருப்புவதில்லை. “இங்கன யாருக்கு யார் மேல வருத்தம்?” என்று சுகிர்தம் அடுப்படியிலிருந்தே கேட்பாள். யாராவது ஒருவர் ஒத்துக்கொள்வார்கள், படமும் தெளிந்துவிடும்.