கிண்ணத்தின் அடியில் ஒரு பன்றி

என் புருஷன் நெஃபேத்தின் கையில் இருக்கிற கெட்டிக்காரத்தனத்தில் பாதி தலையில் இருந்திருந்தால், நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

எங்கள் ஊர் உசோலியேவின் ஆளுநர் லுகியான் எங்கள் பசுவை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். இவன் பழிவாங்கினான். எப்படி? உப்பு வியாபாரி ஸாவா இவனிடம் செய்யச் சொல்லியிருந்த வெள்ளிக் கிண்ணத்துக்குள், டூலிப் பூக்களுக்கு நடுவே, அடியில், எனாமலில் ஒரு பன்றியை வரைந்தான். பன்றிக்கு ஆளுநரின் மாறுகண், மூக்கோரத்து மரு. ஸாவா தனியாகக் குடித்துச் சிரிப்பார் என்று நினைப்பு.

ஸாவா கிண்ணத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆளுநருக்கே விருந்து வைத்து, அதிலேயே தேன்மது ஊற்றச் சொன்னார். ஊற்றுவதற்குக் கூப்பிட்டது என்னை. அப்போதுதான் நெஃபேத் விஷயத்தை என் காதில் போட்டான்.

"சுரண்டித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"சூளையில வெந்ததுடி. சுரண்டினா வெள்ளியும் சேர்ந்து வரும்."

"இப்ப உன் முதுகுத் தோல் வரும், பாரு."

அடி தெரியக் கூடாதென்று, ஆளுநர் ஒரு வாய் குடித்தால் நான் இரண்டு வாய் ஊற்றினேன். "இந்தம்மாவுக்குப் பெரிய மனசு" என்று வாழ்த்தினார். ஆனால் ஜார் மன்னர் நலத்துக்கென்று குடித்தால் சொட்டு மிச்சம் வைக்கக் கூடாது. காலிக் கிண்ணத்தைத் தலைமேல் கவிழ்த்துக் காட்ட வேண்டும். எழுந்தார். குடித்தார். உள்ளே பார்த்தார். கவிழ்க்கவில்லை.

கதவோரம் நெஃபேத் சிலுவைக்குறி போட்டுக்கொண்டிருந்தான். இந்த மடையன்மேல் எனக்கு இவ்வளவு ஆசை என்று அந்த நேரத்திலா தெரிய வேண்டும்!

"யோவ் கார்ப்!" ஆளுநர் தன் மைத்துனனைக் கூப்பிட்டார். "இங்க வாய்யா. இது நீதானே? அதே கண்ணு, அதே மரு!"

கார்ப் ஒல்லிக்குச்சி. முகத்தில் மரு கிடையாது. கிண்ணத்தைப் பார்த்தான், ஆளுநரைப் பார்த்தான், மறுபடி கிண்ணத்தைப் பார்த்தான்.

"நானேதான் மச்சான். அப்படியே உரிச்சு வச்சிருக்கான்."

கிண்ணம் மேசையைச் சுற்றி வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் "கார்ப்தான், கார்ப்தான்" என்றார்கள். ஸாவா சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலிருந்தே விழுந்தார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் நெஃபேத் பனியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே நடந்தான். முதுகு தப்பிய சந்தோஷம் என்று நினைத்தேன்.

"மருவைக்கூட அச்சு அசலா வச்சேனே ஃபெத்தீனியா," என்றான், கண்ணில் தண்ணீரோடு. "அந்த ஆளுநருக்கே தன்னை அடையாளம் தெரியல. அவ்வளவு மோசமாவா வரைஞ்சிருக்கேன்?"

கை நிறையப் பனியை அள்ளி அவன் வாயில் அடைத்தேன்.