கன்னத்தில் இருந்த மைனி

உலகேஸ்வரியின் கன்னத்து உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தபோது, அங்கே அவளுடைய நாத்தனார், அவள் மைனி என்று கூப்பிடும் சண்முகவடிவு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் பார்த்தது மகள் தர்ஷிகா. ஐந்தாம் வகுப்பு. "அம்மா, சுரண்டை அத்தை" என்று சொல்லிவிட்டு நகர்ந்து இடம் விட்டாள். உலகேஸ்வரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். மைனியேதான். மடியில் கைப்பை, முகத்தில் அதே கடுகடுப்பு. செல் தெரிவதற்காக விட்ட நீலச் சாயம் அவர் பட்டுப்புடவையிலும் ஏறியிருந்தது. அடப்பாவமே, நல்ல மாம்பழக் கலர் புடவை அது.

மைக்ரோஸ்கோப் என்றால் பெரிய சமாச்சாரம் இல்லை, பிள்ளைகளுக்கென்று விற்கிற பிளாஸ்டிக் சாமான்தான். கூடவே ஒரு சின்னப் புத்தகம் தந்திருந்தார்கள். கூரான எதையும் தொடாதே, சாயம் பட்டால் கையைக் கழுவு, பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. அந்தப் பெரியவராகத்தான் உலகேஸ்வரி அடுப்பை அணைத்துவிட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். வெங்காயத் தோல் பார்த்தாயிற்று, சர்க்கரை பார்த்தாயிற்று. அடுத்த சோதனை கன்னத்து செல். தர்ஷிகாவுக்குத் தன் வாயில் குச்சி விடக் கூச்சம். "நீ ஆ காட்டும்மா" என்றாள். பெற்ற கடனுக்கு உலகேஸ்வரியும் காட்டினாள்.

சண்முகவடிவு இந்த வீட்டு வாசலை மிதிக்காமல் போனது பால்காய்ப்பிலிருந்து. புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு ஊரெல்லாம் தாம்பாளத்தோடு போய்க் கூப்பிட்டவர்கள், கூடப் பிறந்த அக்காவைப் போனில் கூப்பிட்டுவிட்டார்கள். எந்த ஊரில் நடக்கும் இது? தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவர்களே நேரில் அழைத்தால்தான் வருவார்கள். வீட்டுக்கு மூத்த பெண் போனுக்கா வருவாள்? "சரி" என்று ஒற்றை வார்த்தை சொல்லி வைத்தவர்தான், அதன் பிறகு பேச்சே இல்லை. சுரண்டையில் அவர் வீட்டுக்காரர் மட்டும், "அவ தம்பி வீட்டுக்குப் போயிருக்கா" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மனுஷன் பொய் சொல்லவில்லை. கிளம்பித்தான் வந்திருக்கிறார் மைனி. முறையாக அழைக்காத வீட்டுக்குள் வாசல்வழியே நுழைய முடியாததால் வேறு வழியாக வந்து தங்கியிருக்கிறார்.

இதில் மாட்டிக்கொண்டது தொட்டிலில் கிடந்த பயல். தர்ஷிகாவின் தம்பி. பிறந்து மாதம் ஐந்தாகப் போகிறது, பேர் இல்லை. உலகேஸ்வரியின் புருஷன் கோமதிநாயகத்தின் குடும்பத்தில் பிள்ளையின் காதில் அத்தைதான் மூன்று தடவை பேர் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சொன்னால் ஒட்டாது. கோமதிநாயகம் பொறுக்கமாட்டாமல் ஒருநாள் தானே ஒரு பேரைச் சொல்லிப் பார்த்தான். சாயங்காலத்துக்குள் அது உதிர்ந்து தொட்டிலுக்கு அடியில் கிடந்தது, உலகேஸ்வரி பெருக்கி அள்ளினாள்.

பேர் இல்லாத பிள்ளை யாரையும் பார்க்காது. பால் குடிக்கும்போதுகூட அவன் உலகேஸ்வரியைத் தாண்டிச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். ராசா, தங்கம், செல்லம் என்று தொண்டை வறளக் கொஞ்சிப் பார்த்துவிட்டாள். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா கிடந்தான். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத் தினமும் அழுதாள்.

அதனால் மைனியைக் கண்டதும் மைக்ரோஸ்கோப்பில் வாயை வைத்து, "வாங்க மைனி, எப்ப வந்தீங்க?" என்றாள். பதில் கேட்கவில்லை. காதை வைத்துப் பார்க்கச் சொன்னாள் தர்ஷிகா. கண்ணை வைத்தால் அத்தை தெரிவார், காதை வைத்தால் அத்தை பேசுவது கேட்கும். இரண்டும் ஒன்றாக நடக்காது.

"நான் வந்து எம்புட்டோ நாளாச்சு. சொந்த வாய்க்குள்ள ஆள் இருக்கது தெரியாம இருந்திருக்கியே ஏட்டி!"

"காப்பி குடிக்கீங்களா மைனி?"

"கூப்பிடாத வீட்ல பச்சைத்தண்ணி குடிக்க மாட்டேன்."

சரிதான் என்று எழுந்து, தாம்பாளம் எடுத்து, வெற்றிலை பாக்கு, பூ, பழம், குங்குமம் எல்லாம் அடுக்கினாள். சொட்டு காய்வதற்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது என்றாள் தர்ஷிகா. காய்ந்தால் மைனி கிளம்பிவிடுவார். அப்புறம் அவரை எந்தக் கன்னத்தில் போய்த் தேடுவது?

கோமதிநாயகம் பாதிச் சவரத்தில் ஓடி வந்தான். குனிந்து பார்த்தவன், "அக்கா மெலிஞ்சிட்டா" என்றான். கண் கலங்கி ஒரு சொட்டு லென்ஸில் விழுந்தது. தர்ஷிகா அதை ஒற்றி எடுத்தாள். "அக்கா, பிள்ளைக்குப் பேர் வைக்கணும். நீ வந்து நடத்திக் குடுக்கணும்" என்று முறையாகச் சொல்லிவிட்டுக் காதை வைத்தான்.

"புருஷனும் பொண்டாட்டியும் சேந்து நின்னு தட்டு நீட்டினாத்தான்டா அழைப்பு. ஒவ்வொருத்தரா எட்டிப் பாத்துட்டுப் போக நான் என்ன மிருகக்காட்சி சாலையிலயா இருக்கேன்?"

அதுவும் நியாயம்தான். ஆனால் பார்க்கிற துவாரம் ஒன்றுதான். இருவரும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி, பாதிக் கண் அவள், பாதிக் கண் அவன் என்று நின்று பார்த்தார்கள். சோப்பு நுரை உலகேஸ்வரியின் மூக்கில் அப்பிக்கொண்டதுதான் மிச்சம். "அரை மூஞ்சியும் அரை மூஞ்சியும் சேந்தா அழைக்கது? வெக்கமா இல்ல?" என்று உள்ளேயிருந்து வசவு வந்தது. தாம்பாளமும் லென்ஸுக்கு அடியில் நுழைவேனா என்றது.

"அப்பா, ஆ காட்டுங்க" என்றாள் தர்ஷிகா, புதுக் குச்சியை எடுத்துக்கொண்டு.

அவன் கன்னத்தில் உலகேஸ்வரி நின்றிருந்தாள். பால்காய்ப்பன்று கட்டியிருந்த பச்சைப் புடவை, இடுப்பில் ஒரு கை. உலகேஸ்வரி தன்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஜாக்கெட் கை இறுக்கமாகத் தைத்திருந்தது இப்போதும் உறுத்தியது.

"நான் எதுக்குங்க இங்க நிக்கேன்?" என்று கேட்டாள்.

கோமதிநாயகம் தாடையைத் தடவிக்கொண்டான்.

"தட்டு நீட்ட அம்மா ஆச்சு, இப்ப அப்பாதான் வேணும்" என்று சொல்லிவிட்டு, தர்ஷிகா கூச்சத்தை ஒதுக்கி வைத்துத் தன் கன்னத்தைத் தானே துடைத்து எடுத்தாள். எதிர்பார்த்தபடியே அதில் கோமதிநாயகம் இருந்தான். ஹெல்மெட்டோடு ஸ்கூட்டரில் உட்கார்ந்து, கிளம்பாமல் இருந்தான். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது, ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகிறேன் என்று போன சீசனில் சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்தது. மகள் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடித் தகட்டைத் துடைத்துக் கொடுத்தான்.

மூன்று பேரையும் ஒரே தகட்டுக்கு மாற்றினார்கள். முனை மழுங்கிய பிளாஸ்டிக் இடுக்கியால் வெற்றிலையில் ஒரு துணுக்கு, வாழைப்பழத்தில் ஒரு நார், குங்குமத்தில் ஒரு பொடி. மெல்லிய மூடியைச் சாய்த்து வைத்து மெதுவாக இறக்கினாள் தர்ஷிகா. இல்லாவிட்டால் காற்றுக் குமிழ் வந்து யாராவது அதற்குள் மாட்டிக்கொள்வார்கள்.

அப்புறம் ஆள் மாற்றி ஆள் பார்த்தார்கள். கீழே உலகேஸ்வரி குங்குமத்தையும் வெற்றிலையையும் ஏந்தி நின்றாள். கோமதிநாயகம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினான். மைனி எதையும் வாங்கவில்லை, கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். சொட்டு ஓரத்திலிருந்து சுருங்க ஆரம்பித்தது. என்ன பேசுகிறார்கள் என்று உலகேஸ்வரி கண்ணை எடுத்துவிட்டுக் காதை வைத்தாள்.

"அக்கா, போன் போதும்னு உலகு சொன்னதாச் சொன்னேன்லா? அது பொய். அவ தட்டெல்லாம் எடுத்து வச்சிக்கிட்டு வாங்க போவோம் வாங்க போவோம்னு ஒத்தக் கால்ல நின்னா. எனக்குத்தான் சோம்பேறித்தனம். பழிய அவ மேல போட்டுட்டேன்."

உலகேஸ்வரி நிமிர்ந்தாள். எதிரே பெரிய கோமதிநாயகம் துண்டால் நுரையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கேட்டுட்டியா?" என்றான்.

"கேட்டுட்டேன்."

இத்தனை நாளும் மைனி தன்னை என்னவென்று நினைத்திருப்பார் என்று எண்ணியபோது அவளுக்குத் தாம்பாளத்தைத் தூக்கி அவன் தலையில் போடலாம் போல வந்தது. "ஒங்கள அப்புறம் வச்சிக்கிடுதேன்" என்றாள். பிள்ளை விஷயம் முந்தி.

மறுபடி கண்ணை வைத்தபோது மைனி எழுந்து நின்று குங்குமத்தைத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார். வாழைப்பழ நாரைக்கூடப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு சைகையால் பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னார்.

உலகேஸ்வரி தொட்டிலிலிருந்து பயலைத் தூக்கி வந்து, அவன் காதை மைக்ரோஸ்கோப்பில் பதமாகச் சேர்த்துப் பிடித்தாள். அவன் புருவம் ஒரு தடவை ஏறி இறங்கியது. இரண்டாவது தடவையும் ஏறி இறங்கியது. மூன்றாவது தடவை பொக்கை வாயைத் திறந்து சிரித்தான். சிரித்துவிட்டுத் தலையைத் திருப்பி, உலகேஸ்வரியை நேருக்கு நேர் பார்த்தான். அவள் மூக்கை, கண்ணை, நெற்றிப் பொட்டை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவள் அவனை மார்போடு அணைத்துக்கொண்டு, குழாயைத் திறந்துவிடாமலே ஓவென்று அழுதாள்.

அழுது முடித்துப் பார்த்தபோது தகடு காய்ந்திருந்தது. நாற்காலி மட்டும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் சுரண்டையிலிருந்து மைனியின் வீட்டுக்காரரே போனில் கூப்பிட்டார். "வந்து சேந்துட்டா. புடவைதான் ஒரே நீலமா இருக்கு" என்றார்.

அதன் பிறகுதான் கோமதிநாயகம், "ஆமா, அக்கா என்ன பேர் வச்சா?" என்று கேட்டான்.

யாருக்கும் தெரியவில்லை. கேட்டது ஒரே ஒரு காது, அதுவும் பயலின் காது. கோமதிநாயகம் போனை எடுத்தான். உலகேஸ்வரி பார்த்த பார்வையில் அது தானாகக் கீழே போனது. நேரில் போய்க் கேட்டாலும் பிரயோசனமில்லை. மூன்று தடவைக்கு மேல் சொன்னால் பேர் நீர்த்துவிடும், மைனி சொல்லமாட்டார். தெரிந்த பேரையெல்லாம் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பயல் ஒவ்வொருவர் முகத்தையும் ஆசையாகப் பார்த்தான், எதற்கும் ஊம் என்று சொல்லவில்லை. பேச்சு வரும்போது அவனே சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். உலகேஸ்வரிக்கு அதில் ஒரு குறையும் இல்லை. பிள்ளை தன்னைப் பார்க்கிறான், அது போதும்.

புதன்கிழமை தடுப்பூசிக்குத் தூக்கிப்போனாள். நர்ஸ் ஜெபமங்களம் ஊசியை முடித்துவிட்டு, "பேர் வச்சாச்சா?" என்று கேட்டார்.

"வச்சாச்சு. என்ன பேருன்னு இவன்தான் சொல்லணும். பேச்சு வர எப்படியும் ஒரு வருசம் ஆகும்."

"ஒரு வருசமா சும்மா விடக்கூடாதும்மா. அதுவரைக்கும் என் பேர வச்சிக்கிடட்டும். எனக்கு இப்ப அவ்வளவா தேவைப்படல" என்றார் நர்ஸ்.

மார்பில் குத்தியிருந்த பேர்ப்பட்டையைக் கழற்றிப் பயலின் சட்டையில் குத்திவிட்டார். "ஜெபமங்களம்" என்று கூப்பிட்டார். அவன் மரியாதைக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். உலகேஸ்வரி நன்றி சொல்ல வாயெடுத்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், "இந்தாங்க, போயிட்டு வாரேன்" என்றாள். வெளியே வரிசையில் நின்றவர்களும் அதற்குள் அவரை "இந்தாங்க" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.