உதட்டுக்கு இரண்டும் ஒன்று

கண்ணாடி முன்னால் போய் நில்லுங்கள். சத்தம் வராமல் ‘அம்மா’ என்று சொல்லுங்கள். அப்புறம் ‘அப்பா’ என்று சொல்லுங்கள். உதட்டில் வித்தியாசம் தெரிகிறதா? தெரியாது. இரண்டுக்கும் ஒரே மாதிரி மூடி ஒரே மாதிரிதான் திறக்கும். காது உள்ள நீங்கள் ஆயுசுக்கும் இதைக் கவனித்திருக்க மாட்டீர்கள், உங்களுக்குத் தேவைப்பட்டதில்லை. எனக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. அதனால் எனக்குத் தெரியும். இந்த ஒரு உதட்டசைவை வைத்துத்தான் உயிரோடு இருந்த என் அம்மாவை அரசாங்கம் சாகடித்தது.

நான் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறவள். கடையில் எனக்குப் பின்னால் ரெக்சின் சுருள்கள், காலடியில் வெட்டிப்போட்ட ஃபோம் துண்டுகள், பக்கத்து ஷெட்டில் நாள் முழுக்க அலறுகிற கம்ப்ரஸர். மற்றவர்கள் சாயங்காலம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். எனக்கு அந்தக் கடையில் ஒரு நாளும் தலைவலி வந்ததில்லை. வந்ததெல்லாம் சம சேவை அலுவலகத்தில்தான்.

அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். பக்கத்து வீட்டில் குசுகுசுத்தாலும் இங்கிருந்தே பதில் சொல்வாள். போய்க்கொண்டிருந்தது கண். உள்ளே அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வரும் நோய். நாங்கள் இருவரும் கையால் பேசுகிறவர்கள். பள்ளிக்கூடத்தில் நான் கற்றுவந்த சைகைகளும், அடுப்பங்கரையில் அம்மா இட்டுக்கட்டிய சைகைகளும் கலந்த பேச்சு அது. அப்பா சாகிறவரை கற்றுக்கொண்டது மூன்றே சைகை: வா, சாப்பிடு, போதும். ஆகவே நான் பேசித் தீர்த்ததெல்லாம் அம்மாவிடம்தான். என்னை ‘வாயாடி’ என்று திட்ட முடியவில்லையே என்பது அவளுக்கு ஒரு குறை. ‘கையாடி’ என்றால் திருட்டுக் கேஸ் மாதிரி ஆகிவிடுகிறது.

நான் இரண்டு கையையும் அகல வீசித்தான் பேசுவேன். ஒரு நாள் அம்மா, “கைய உள்ள கொண்டு வா, ஓரத்துல தெரியல” என்றாள். (கைப்பேச்சை நான் பேச்சுத் தமிழில்தான் எழுதுகிறேன். எங்கள் கை இலக்கணம் பார்ப்பதில்லை.) அன்றிலிருந்து ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குள் பேசப் பழகினேன்.

ஆஸ்பத்திரி டாக்டர் நல்ல மனிதர். நான் காதைக் காட்டியதும் கத்தவில்லை. பேனாவை எடுத்தார். ‘போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம். சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும். மருத்துவ அட்டையைப் புதுப்பித்து வாருங்கள்’ என்று எழுதிக் கொடுத்தார். அந்த அட்டையில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். அது காலாவதியாகிக் கிடந்தது.

அம்மாவுக்குக் கண்ணும் போனால் அவள் இருட்டில், நான் நிசப்தத்தில். உள்ளங்கையில் எழுதிப் பேசலாமே என்று அறிவாளிகள் சொல்வார்கள். எழுதலாம். உப்பு, மருந்து, கதவு என்று எழுதலாம். உள்ளங்கையில் எழுதி ஒரு சண்டை போட முடியுமா? ஒரு ஊர்வம்பு பேச முடியுமா? எனக்குப் பயமாக இருந்தது. மறுநாளே அட்டையைப் புதுப்பிக்க அந்தச் சம சேவை அலுவலகத்துக்குப் போனேன்.

உள்ளே நுழைந்ததும் பெரிய போஸ்டர். ஒரு காதின் படம், குறுக்கே ஒரு கோடு. கீழே: ‘காது கேளாதோருக்கு முன்னுரிமை. தங்கள் எண் ஒலிபெருக்கியில் அழைக்கப்படும்வரை அமைதியாக அமர்ந்திருக்கவும்.’ இதை எழுதிய புண்ணியவானை நேரில் பார்த்து ஒரு கும்பிடு போட வேண்டும் என்று ஆசை. எண் காட்டும் திரையும் ஒன்று உண்டு. அதன் மேல் யாரோ ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்தார்கள். நான் மற்றவர்களின் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் திரும்பி யாரையோ தேடினால், தேடப்படும் ஆள் பெரும்பாலும் நானாகத்தான் இருக்கும்.

கவுண்டரில் இருந்தவருக்கு நான் வைத்த பெயர் சூயிங்கம். கைப்பேச்சில் ஆளுக்கொரு சைகைப் பெயர் உண்டு. அவருக்குத் தாடையைப் பிடித்து அசைபோட்டுக் காட்டினால் போதும். உதடு படிப்பது என்பதே பாதி ஊகம். மெல்லுகிற வாயில் அது முழு ஊகம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, பாதி முகத்தில் என்னென்னவோ கேட்டார். நான் வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினேன். பார்க்கவே இல்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி ஒன்று கேட்டார்.

“அம்மா இருக்காங்களா?”

கேட்டது அதுதான் என்பது பின்னால் தெரிந்தது. எனக்கு அது ‘அப்பா இருக்காங்களா?’ என்றுதான் தெரிந்தது. எந்தச் சான்றிதழுக்குப் போனாலும் இவர்கள் முதலில் தேடுவது அப்பாவைத்தானே. இல்லை என்று தலையாட்டிவிட்டு, கையை மேலே காட்டினேன். போய்ச் சேர்ந்துவிட்டார் என்று. சூயிங்கம் ஒரு நொடி மெல்லுவதை நிறுத்தினார். முகத்தில் கொஞ்சம் துக்கம்கூட வந்தது. பரவாயில்லை, மனசு உள்ளவர் என்று வேறு நினைத்தேன். அப்புறம் கீபோர்டில் ஒரு தட்டு தட்டினார்.

புது அட்டை தபாலில் வந்தது. அம்மா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என் பேரு எங்கடி?”

“நீ செத்துட்ட.”

“எப்போ?”

“போன செவ்வாக்கிழமை.”

“எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல!”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சரி, ஒரு தப்பு, போய்ச் சொன்னால் திருத்திவிடுவார்கள் என்று நம்பினோம். என்ன மடத்தனம்!

நடந்தது முழுவதையும் ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போனேன். சூயிங்கம் முதல் வரியைக்கூடப் படிக்காமல் தாளைத் திருப்பித் தள்ளினார். விதிகள் அச்சடித்த அட்டையில் ஒரு இடத்தை நகத்தால் கீறிக் காட்டினார். திருத்தம் வேண்டுமென்றால் விண்ணப்பதாரர் நேரில் வந்து ‘வாய்மொழியாக’ வாக்குமூலம் தர வேண்டுமாம். ஒரு ஆளைச் சாகடிக்க என் தலையாட்டல் ஒன்று போதுமானதாக இருந்தது. அதே ஆளைப் பிழைக்க வைக்க எனக்கு வாய் வேண்டும். நான் என் வாயைக் காட்டி, காதைக் காட்டி, கையை விரித்தேன். அவர் என் தோளுக்கு மேலாகப் பின்னால் நின்றவரைப் பார்த்துக் கேட்டார்.

“இவங்ககூட யாராச்சும் வந்திருக்காங்களா?”

வாயில் கல்லைப் போட்டு மென்றாலும் அந்த வாக்கியத்தை என்னால் படித்துவிட முடியும். ஆயுசு முழுக்க அதைத்தான் பார்த்து வந்திருக்கிறேன். அதில் நான் ஒரு ஆள் இல்லை. யாரோ விட்டுப்போன மூட்டை.

சைகை மொழி அலுவலர் ஒருவர் இருக்கிறார், அடுத்த வாரம் வருவார் என்று ஒரு பலகையில் எழுதியிருந்தது. அடுத்த வாரம் போனேன், பயிற்சிக்குப் போயிருந்தார். அதற்கடுத்த முறை ஆளைப் பிடித்துவிட்டேன். சட்டையில் கை படம் போட்ட பேட்ஜ். அவருக்குத் தெரிந்த சைகைகள் இரண்டு: வணக்கம், நன்றி. எங்கள் அப்பாவைவிட ஒன்று குறைவு. நான் கை வலிக்க முழுக்கதையையும் சொல்லி முடித்தேன். அவர் புன்னகையோடு எனக்கு நன்றி சொன்னார். சம்பளம் வாங்குகிற நன்றி.

இதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. இவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில், துண்டு காய்ந்த நேரத்தில், அம்மாவின் கண்ணில் தட்டு சுருங்கி டீ சாஸர் ஆகிவிட்டது. அவள் முகத்துக்கு நேராக, விரல்களைக் குவித்து, ஒவ்வொரு சொல்லாக வைக்க வேண்டியிருந்தது. டாக்டர் எழுதுவதும் சுருங்கிவிட்டது. ‘அட்டை?’ என்று மட்டும் எழுதினார்.

“நானே வர்றேன். செத்தவ எப்படி இருப்பான்னு அவனுங்களும் பாக்கட்டும்” என்று அம்மா கிளம்பினாள்.

அவள் வாய் திறந்து கவுண்டரில் போட்ட சத்தத்தில் (எனக்குத் தெரிந்தது திரும்பிய தலைகள்தான்) எங்களை நேராகப் பெரிய அதிகாரியின் அறைக்கே கூட்டிப்போனார்கள். அவர் எடுத்தவுடன் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். பூனைக்குட்டியைத் தடவுவதுபோல இரண்டு முறை. அத்தோடு என்னை மறந்துவிட்டு, அம்மாவைப் பார்த்து முகம் மலர்ந்தார். காது உள்ள ஒரு ஆள் கிடைத்துவிட்ட நிம்மதி! அம்மாவுக்கு ஒரு பழக்கம், வாயால் பேசும்போதே கையாலும் எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள், எதிராளி சொல்வதையும் சேர்த்து. அதனால் எனக்கு எதுவும் தப்பவில்லை.

“அட, நீங்கதான் அம்மாவா? முதல்லயே வந்திருக்கலாமேம்மா. அஞ்சு நிமிஷ வேலை இது.”

“வந்திருக்கலாம் சார். ஆனா செத்துட்டேனே.”

அவர் சிரித்துவிட்டு ஒரு தாளை நகர்த்தினார். இதில் ஒரு கையெழுத்து, உடனே திருத்தம். அம்மா அதை என்னிடம் கொடுத்தாள். படித்தேன். ‘மேற்படி மகள் காது கேளாதவர் ஆகையால், இனி இவர் தரும் எந்தத் தகவலும் ஏற்கப்பட மாட்டாது. உடன் வருபவரிடமிருந்தே பெறப்படும்.’

தவறு செய்தது அவர்கள். தண்டனை எனக்கு, அதுவும் ஆயுள் தண்டனை. ஆனாலும் அந்தச் சாஸர் கண்ணில் நின்றது. அதற்குள் விரலை வைத்து அம்மாவிடம் தாளில் இருந்ததைச் சொல்லிவிட்டு, “போட்டுடு. கண்ணுதான் முக்கியம்” என்றேன். அதைச் சொன்ன என் கையை எனக்கே பிடிக்கவில்லை.

அம்மா தாளைத் தொடாமல் அதிகாரியிடம் திரும்பினாள்.

“செத்தவ எப்படி சார் கையெழுத்துப் போடுறது?”

“அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா.”

“நான் செத்துட்டேன்னு யாரு சொன்னதா எழுதியிருக்கீங்க?”

“உங்க பொண்ணுதான்.”

“அப்போ நான் சாகறதுக்கு அவ வார்த்த செல்லும். பொழைக்கிறதுக்கு மட்டும் செல்லாதா? யார்கிட்ட கேட்டீங்களோ அவகிட்டயே கேளுங்க. இந்தத் தடவ எழுதிக் கேளுங்க.”

அதற்குப் பிறகு அம்மா வாயை மூடிக்கொண்டாள். அதிகாரி என்னவோ சொன்னார். அம்மா தன் காதைத் தொட்டுக் காட்டி, கேட்காது என்று தலையாட்டினாள். அவர் எழுந்து நின்று கத்தினார், கழுத்து நரம்பு புடைத்தது. அம்மா கையை விரித்தாள். என்ன நடிப்பு! ஆயுசு பூராவும் பக்கத்திலிருந்து பார்த்துப் படித்தது ஆயிற்றே. கதவோரம் வந்து நின்ற சூயிங்கத்தின் தாடைகூட நின்றுவிட்டது.

அதிகாரி உட்கார்ந்து மேஜை மேல் எதையோ தடவித் தேடினார். அவ்வளவு பெரிய மேஜையில் அவரிடம் ஒரு பேனா இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன். எழுதினார்.

‘உங்கள் தாயார் உயிருடன் உள்ளாரா?’

குண்டு குண்டாக, அழகான கையெழுத்து. இதை எழுத எவ்வளவு நேரமாயிற்று? அப்பளம் பொரிகிற நேரம்கூட ஆகவில்லை. இதை எழுதுவதற்குத்தான் என்னை மூன்று மாதம் அலையவிட்டார்கள். கீழே பதில் எழுதினேன்: ‘உள்ளார். எதிரில் உட்கார்ந்து கையால் உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.’ அதிகாரி அம்மாவின் கைகளைச் சந்தேகத்தோடு பார்த்தார். நான் எழுதியதில் பொய் ஒன்றுமில்லை. வாக்குமூலத்தை அடிக்கவும் முடியாது, கிழிக்கவும் முடியாது. முத்திரை குத்தி ஃபைலில் சேர்த்தார். கையெழுத்துக் கேட்ட அந்த இன்னொரு தாளை நான் மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அட்டை வந்தது, ஆபரேஷனும் நடந்தது. டாக்டர் கட்டைப் பிரித்துவிட்டு எழுதினார்: ‘நல்லபடியாக முடிந்தது. இருந்தது காப்பாற்றப்பட்டது.’ இருந்தது என்றால் சாஸர். தட்டைத் திருப்பித் தர யாராலும் முடியாது. அது அந்த அலுவலகத்து பெஞ்சுகளில் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்து போயிற்று. அவர்கள் ஃபைலில் அதற்கு ஒரு வரியும் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் போன் அதிர்ந்தது. அம்மா எடுத்தாள். கேட்டாள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கையைத் திறந்தாள்.

“அந்த ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு. அவங்க சேவை திருப்தியா இருந்துச்சான்னு கேக்குறா. உன்கிட்டதான் கேக்கணுமாம்.”

“என்கிட்டயா? போன்லயா?”

“ஆமா.”

ஆரம்பித்தேன். போஸ்டரிலிருந்து ஆரம்பித்தேன், ஈரத் துண்டு, சூயிங்கம், நன்றிக்காரர், தோள்தட்டல், ஒன்றையும் விடவில்லை. கை தானாகவே பழையபடி அகல விரிந்தது. கோபத்துக்கு இடம் வேண்டாமா? அம்மாவின் கண்கள் அங்கும் இங்கும் தேடின.

“எங்க போச்சு உன் கை? பாதி தெரியல. உள்ள கொண்டு வா.”

நிறுத்தினேன். ஒரு மூச்சு விட்டேன். அவள் முகத்துக்கு அருகில் போய், கைகளைச் சுருக்கி அந்தச் சாஸருக்குள் கொண்டுவந்து, முதலிலிருந்து ஒவ்வொரு சொல்லாக வைக்கத் தொடங்கினேன். நேரம் ஆயிற்று. ஆகட்டும். போனில் அந்தப் பெண் அவசரப்படுத்தியிருக்க வேண்டும், அம்மா என் கைகளை விட்டுக் கண்ணை எடுக்காமல் போனில் பேசினாள். பக்கவாட்டில் பார்த்தும் அந்த உதட்டை என்னால் தப்பில்லாமல் படிக்க முடிந்தது.

“இரும்மா. என் பொண்ணு பேசிக்கிட்டிருக்கா.”